கொத்தமல்லித் தழை: சிலருக்கு மணம், சிலருக்குச் சோப்பு வாடை – ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே 'தழை' என்றால் பச்சைக் கொத்தமல்லி இலையும் தண்டும். 'தனியா' என்றால் காய்ந்த விதை. பேச்சில் இரண்டையும் 'மல்லி' என்றே சொல்லிவிடுகிறோம். மணத்தைப் பொறுத்தவரை இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதால் முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது.

ரசத்தில் தூவிய ஒரே தழை ஒருவருக்குக் கமகமக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சோப்பைக் கரைத்ததுபோல் இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரி. கொத்தமல்லித் தழையின் மணம் ஒரே பொருளால் ஆனது அல்ல, பல வேதிப்பொருள்களின் கலவை. அதில் முன்னால் நிற்பவை ஆல்டிஹைடுகள் என்ற வகை. பெரும்பாலும் 10 முதல் 12 கரிம அணுக்கள் கொண்டவை: டெக்கனல், டெசினல், டோடெசினல். பெயரின் கடைசியில் 'அல்' என்று முடிந்தால் ஆல்டிஹைடு என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

இதே குடும்பத்து ஆல்டிஹைடுகள் சோப்பிலும் வாசனைத் திரவியங்களிலும் இருக்கின்றன. அவற்றில் சில சோப்புக்கு மணமூட்டவே சேர்க்கப்படுகின்றன. ஆகவே சோப்பு வாடை என்பவர் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. உண்மையிலேயே தழையில் இருக்கும் ஒன்றை அவருடைய மூக்கு தனியாக எடுத்துக் காட்டுகிறது. மற்றவருடைய மூக்கில் அதே பொருள் எலுமிச்சைத் தோல், புதுப் புல் போன்ற பிற மணங்களோடு கலந்து ஒரே மணமாகத் தெரிகிறது. மனித மூக்கில் சுமார் 400 வகை மண உணர்விகள் வேலை செய்கின்றன. எந்த உணர்வி எவ்வளவு கூர்மை என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இது நாக்கின் சுவையா, மூக்கின் வேலையா?

மூக்கின் வேலைதான். வீட்டிலேயே சோதிக்கலாம். நான்கைந்து இலைகளை நன்றாகக் கழுவி ஈரம் துடைத்துக்கொள்ளுங்கள். மூக்கை விரல்களால் இறுக்கி மூடிக்கொண்டு, இலைகளை வாயில் போட்டுப் பத்து விநாடி மெல்லுங்கள். லேசான கசப்பும் பச்சைத்தன்மையும் தவிர ஒன்றும் தெரியாது. இப்போது மூக்கை விட்டு, வாயை மூடியபடியே மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். மணமோ நெடியோ, எதுவாக இருந்தாலும் அந்த நொடியில்தான் வந்து அறையும். மெல்லும்போது கிளம்பும் ஆவி தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. அதை நாம் 'சுவை' என்கிறோம்.

சோதனையில் செய்யும் வழக்கமான தவறு, இலையை வாயில் போட்ட பிறகு மூக்கைப் பிடிப்பது. அதற்குள் மணம் ஏறிவிடும். முதலில் மூக்கு, பிறகு இலை.

சோப்பு என்று சிலர், மூட்டைப்பூச்சி வாடை என்று சிலர். இரண்டும் ஒன்றா?

ஏறத்தாழ ஒன்றுதான். நாற்றம் விடும் பச்சைப் பூச்சிகளை நசுக்கினால் வரும் நெடியில் தழையில் உள்ள டெசினலே இருக்கிறது. மூட்டைப்பூச்சி விடும் வாடையில் இதே குடும்பத்தின் சிறிய உறுப்பினர்கள் இருக்கின்றன. ஐரோப்பிய மொழிகளில் இச்செடிக்கு வழங்கும் பெயர்கள் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. அந்தச் சொல்லை மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் 'கோரிஸ்' என்பதோடு நெடுங்காலமாகத் தொடர்புபடுத்திச் சொல்லிவருகிறார்கள்.

ஒரு வாடையை மூளை எதோடு ஒப்பிடுகிறது என்பது அவரவர் முன்பு எதை முகர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வாசனைச் சோப்பு நிறைந்த வீட்டில் வளர்ந்தவருக்குச் சோப்பு நினைவுக்கு வரும். கயிற்றுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி நசுக்கிய தலைமுறைக்கு அது நினைவுக்கு வரும்.

செடிக்கு இந்த நெடி எதற்கு?

கிருமிகளையும் தின்ன வருபவற்றையும் தள்ளிவைக்க உதவும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் பங்கேற்று 2004இல் வெளியான ஆய்வில், தழையில் உள்ள டோடெசினல் சால்மோனெல்லா பாக்டீரியாவைக் கொல்வது ஆய்வகத்தில் தெரியவந்தது. இதை வைத்துத் தழை தூவினால் உணவு கெடாது என்று முடிவு கட்ட வேண்டாம். கெட்டுப்போனதைத் தழை காப்பாற்றாது. பச்சைத் தழையே சரியாகக் கழுவாவிட்டால் கிருமியைச் சுமந்து வரும்.

இது மரபணுவால் வருவது என்கிறார்களே. அப்படியானால் மாறவே மாறாதா?

இந்த விஷயத்தில் அதிகம் பரவியிருக்கும் பாதி உண்மை இதுதான். கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

2012இல் அமெரிக்காவின் 'டுவென்ட்டித்ரீ அண்ட் மீ' என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த சுமார் 25,000 பேரிடம் கொத்தமல்லி பற்றிக் கேட்டு, விடைகளை அவர்களுடைய மரபணுத் தகவல்களோடு பொருத்திப் பார்த்தார்கள். 11ஆம் குரோமோசோமில், மண உணர்வி மரபணுக்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில், ஒரு மாறுபாடு சோப்பு வாடையோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. அங்கே உள்ள 'ஓஆர்6ஏ2' என்ற மரபணு ஆல்டிஹைடுகளை நன்கு உணரும் உணர்வியை உருவாக்குவது. அதனால் அதன்மேல் சந்தேகம் விழுந்தது. இதுவரை சரி.

இந்த ஆய்வின் எண்களை மட்டும் பெரும்பாலானோர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும். அந்த மாறுபாட்டின் இரண்டு பிரதிகளும் உள்ளவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் சோப்பு வாடை தெரிந்தது. ஒரு பிரதிகூட இல்லாதவர்களிலும் 11 அல்லது 12 சதவீதம் பேருக்கு அது தெரிந்தது. வித்தியாசம் மூன்று நான்கு சதவீதம். பொதுவான மரபணு மாறுபாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் சோப்பு வாடையில் அவற்றால் விளங்குவது 9 சதவீதத்துக்கும் குறைவு என்றே அதே ஆய்வு கணக்கிட்டது. மாறுபாடு இருந்தும் சோப்பு வாடை தெரியாதவர்களே அதிகம்.

எனவே 'எனக்கு அந்த ஜீன் இருக்கிறது, என்னால் முடியாது' என்பது ஆய்வு சொன்னதல்ல. மூக்கு ஓரளவு சாய்வைத் தருகிறது. மீதியைப் பழக்கமும் நினைவும் சமைக்கும் முறையும் தீர்மானிக்கின்றன. இதற்காகக் காசு கொடுத்து மரபணுச் சோதனை செய்துகொள்வதிலும் பயனில்லை. மேலே சொன்ன மூக்குப் பிடிக்கும் சோதனை அதைவிட அதிகம் சொல்லும்.

நம் பக்கத்தில் இதை வெறுப்பவர்களை அதிகம் பார்ப்பதில்லையே?

ஆம். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு வாழும் பல வம்சாவளி இளைஞர்களிடம் கேட்டு 2012இல் வெளியிட்ட எண்கள் இவை. தழை பிடிக்காது என்றவர்கள் கிழக்காசிய வம்சாவளியினரில் 21 சதவீதம், ஐரோப்பிய வம்சாவளியினரில் 17, ஆப்பிரிக்க வம்சாவளியினரில் 14, தெற்காசியர்களில் 7, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 4, மத்தியக் கிழக்கு வம்சாவளியினரில் 3. பிடிக்கவில்லை என்பதைத்தான் கேட்டார்கள், சோப்பு வாடை தெரிகிறதா என்று அல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்தே எண்களைப் படிக்க வேண்டும்.

தழை அன்றாடச் சமையலில் புழங்கும் இடங்களில் வெறுப்பு குறைவு என்பது தெளிவாகவே தெரிகிறது. தமிழ்நாட்டில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையோடு நாலு கொத்து மல்லித்தழை கொசுறாக வரும். ரசம், சாம்பார், சட்னி, குருமா, பிரியாணி என்று குழந்தை சோறு தின்னத் தொடங்கும் நாளிலிருந்தே அது தட்டில் இருக்கிறது. மூக்கு அதைச் சோப்போடு சேர்ப்பதற்கு முன்பே ரசத்தோடு சேர்த்துவிடுகிறது.

பழக்கம் அதற்கும் முன்பே தொடங்கலாம். பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையம் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ தாய்மார்கள் கேரட் சாறு குடித்திருந்தால், அவர்களுடைய குழந்தைகள் கேரட் மணமுள்ள உணவுக்கு முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. கேரட்டும் கொத்தமல்லியும் ஒரே தாவரக் குடும்பம். கொத்தமல்லிக்கு இதேபோல் நேரடியாகச் செய்த சோதனை அல்ல இது. ஆனாலும் வழி ஒன்றுதான்.

நம்மிலும் நூற்றில் சிலர் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். பந்தியில் அவர்கள் சத்தமில்லாமல் தழையை இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

எனக்குத் தனியா பிடிக்கும், தழை ஆகாது. இது சாத்தியமா?

சாத்தியம் மட்டுமல்ல, தழையை வெறுப்பவர்களில் பெரும்பாலோர் நிலை இதுதான். காய்ந்த விதையின் எண்ணெயில் முக்கால்வாசி அளவுக்கு லினலூல் என்ற பொருள் இருக்கிறது. லாவெண்டர் பூவின் முக்கிய மணங்களில் அதுவும் ஒன்று. காய் பச்சையாக இருக்கும்போது தழையைப்போலவே பூச்சி நெடி அடிக்கும். முற்றி உலர உலர ஆல்டிஹைடுகள் குறைந்து லினலூல் மேலோங்கும். ஆகவே சாம்பார்ப் பொடி, சுக்குமல்லிக் காபி, வறுத்து அரைத்த குழம்பு எதையும் நீங்கள் விட வேண்டியதில்லை.

இலங்கைத் தமிழர் வீடுகளில் சளிக்கு இஞ்சியோடு கொதிக்கவைக்கும் கொத்தமல்லி முழுக்க விதைதான். அங்கே கறிகளுக்கு மணம் கொடுக்கும் பச்சிலை பெரும்பாலும் கறிவேப்பிலையும் ரம்பையும். தமிழ்நாட்டுச் சமையல் அளவுக்குத் தழை அங்கே புழங்குவதில்லை. தழை பிடிக்காதவர்களுக்கு யாழ்ப்பாணச் சமையல் நல்ல துணை.

இத்தனை நாள் பிடித்தது, இப்போது திடீரென்று வாடை அடிக்கிறது. ஏன்?

முதலில் தழையைச் சந்தேகியுங்கள். பூக்கத் தொடங்கிய செடியின் மேல் இலைகள் நூல்போல மெலிந்திருக்கும். அவற்றின் நெடி இளந்தழையைவிடக் கடுமையாக இருக்கும். கடைக்காரர் கட்டியிருக்கும் கட்டில் நடுவில் ஒளிந்திருக்கும், பிரித்துப் பாருங்கள். அழுகத் தொடங்கிய கொழகொழப்பான தண்டு இரண்டு இருந்தாலும் கட்டு முழுவதும் வாடை ஏறிவிடும். பாத்திரம் துலக்கிய சோப்பு ஒட்டியிருக்கும் நறுக்குப் பலகையும் ஒரு காரணம். மரப்பலகை சோப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

தழை நன்றாக இருந்தும் வாடை தெரிந்தால், காபி, வெங்காயம், பூண்டு ஆகியவையும் மாறித் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். அப்படியானால் பிரச்சினை கொத்தமல்லி அல்ல, முகரும் திறன் குலைந்திருக்கிறது. கொரோனா போன்ற வைரஸ் காய்ச்சலுக்குப் பின் பலருக்கு இது வந்தது. பழகிய மணங்களே அழுகல் வாடையாகத் தெரியும். பலருக்கு மாதங்களில் சீராகிவிடும். நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்ப காலத்தில் வரும் மண வெறுப்பு பொதுவாகத் தானே போய்விடும். அந்த மாதங்களில் தழையை விட்டுவிடுவதே நல்லது.

பழகிக்கொள்ள முடியுமா? எப்படித் தொடங்குவது?

பலரால் முடிகிறது. மணம் பற்றி ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜே காட்ஃப்ரைட் தானும் தொடக்கத்தில் கொத்தமல்லியை விரும்பாதவர்தான் என்றும், வெவ்வேறு உணவுகளில் திரும்பத் திரும்ப அதைச் சந்தித்ததில் பிடித்துப்போனது என்றும் சொல்லியிருக்கிறார். புதிய நல்ல அனுபவங்கள் சேரச் சேர மூளை அந்த மணத்தைச் சோப்பு வரிசையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு வரிசையில் வைக்கிறது.

ஆனால் பச்சைத் தழையை மென்று பழகுவது தவறான தொடக்கம். வெறுப்பு இன்னும் இறுகும். வாடை குறைந்த நிலையிலிருந்து மேலே ஏற வேண்டும்.

முதல் படி தொக்கு. எண்ணெயில் வதங்கும்போது ஆல்டிஹைடுகளில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். சுத்தம் செய்த தழை 150 கிராம் எடுத்துக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். ஈரத்தோடு வாணலியில் போட்டால் வதங்காமல் வேகும், தொக்கும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ஒரு மேஜைக்கரண்டி நல்லெண்ணெயில் எட்டு வரமிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம் இரண்டையும் வறுத்துத் தனியே எடுத்துவையுங்கள். அதே வாணலியில் தழையைப் போட்டு நிதானத் தீயில் நான்கைந்து நிமிடம், சுருண்டு பச்சை வாடை போகும்வரை வதக்குங்கள். நெல்லிக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து, வறுத்தவற்றோடு தண்ணீர் விடாமல் அரைக்கவும். பிறகு மூன்று மேஜைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்வரை கிளறவும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சிறு துண்டு வெல்லம் விருப்பம். இது பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிடிக்கவில்லையென்றால் தழையை அடுத்தமுறை இன்னும் இரண்டு நிமிடம் வதக்குங்கள், அளவைக் குறைக்காதீர்கள்.

இரண்டாம் படி புதினாவோடு பச்சைச் சட்னி. மூன்று பங்கு புதினாவுக்கு ஒரு பங்கு தழை. ஒரு கைப்பிடி தேங்காய், ஒரு பச்சைமிளகாய், சிறு துண்டு இஞ்சி, உப்பு. அரைத்ததும் உடனே பரிமாறாமல் மூடி 20 நிமிடம் வையுங்கள். இலை நசுங்கும்போது அதிலுள்ள நொதிகள் வெளிவந்து ஆல்டிஹைடுகளை மணம் குறைந்த வேறு பொருள்களாக மாற்றும். முழு இலையைவிட அரைத்த சட்னியைப் பலர் பொறுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். தேங்காயின் கொழுப்பும் மீதி மணத்தைப் பிடித்துவைக்கும். எலுமிச்சைச் சாறு பரிமாறும்போது. முன்பே பிழிந்துவைத்தால் நிறம் மங்கும். மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் சூடேறிக் கருத்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று சாப்பிட்டு, மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை மாற்றுங்கள்: இரண்டுக்கு ஒன்று, பிறகு சமம். கடைசிப் படிதான் பச்சையாகத் தூவுவது, அதையும் சூடான ரசத்தில் தொடங்குங்கள்.

இவ்வளவும் செய்து நான்கு மாதத்தில் ஒன்றும் மாறவில்லையென்றால் விட்டுவிடுங்கள். இதில் தோல்வி என்று எதுவும் இல்லை. தழை சாப்பிடாததால் ஈடுசெய்ய முடியாத சத்து எதையும் இழப்பதும் இல்லை. அதில் உள்ள வைட்டமின்கள் முருங்கைக்கீரையிலும் அரைக்கீரையிலும் கிடைக்கும்.

குழந்தை தழையைப் பொறுக்கி எறிகிறது. அதட்டலாமா?

வேண்டாம். அதட்டித் திணித்த உணவின் மணம் அதட்டலோடு சேர்ந்தே நினைவில் தங்கும். சிறு குழந்தைகள் பச்சையாகக் கண்ணில் படும் எதையும் ஒதுக்குவதுண்டு. அது மணவெறுப்பா, நிறவெறுப்பா என்று முதலில் பாருங்கள். தழையை அரைத்துத் தோசை மாவில் கலந்து வார்த்துக் கொடுங்கள். சாப்பிட்டால் பிரச்சினை கண்ணில்தான். அதையும் 'சோப்பு' என்று துப்பினால் குழந்தை உண்மை சொல்கிறது. ஒரு புது உணவு பிடிபடப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். சிறு அளவில், வற்புறுத்தாமல் வைத்துக்கொண்டே இருங்கள்.

கொதிக்கவிட்டால் வாடை போய்விடுமா?

பெருமளவு போகும், கூடவே மணமும் போகும். தழையை விரும்புபவர்கள் ரசம் நுரைகட்டியதும் அடுப்பை அணைத்துத் தூவி மூடுவது அதற்காகத்தான். கூட்டத்தில் ஒருவருக்கு ஆகாது என்றால் நறுக்கிய தண்டை மட்டும் தக்காளியோடு சேர்த்து வேகவிடுங்கள். பத்து நிமிடக் கொதியில் நெடி அடங்கி அடிச்சுவை மட்டும் தங்கும். இலையைத் தனிக் கிண்ணத்தில் வைத்து வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். காயவைத்துப் பொடித்த தழையில் வெறுப்பவர் பயப்படவும் ஒன்றுமில்லை, விரும்புபவர் மகிழவும் ஒன்றுமில்லை. வாங்காதீர்கள்.

விருந்துக்குச் சமைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

'தழையை எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்' என்பது உதவாது. சூடான பண்டத்தில் தூவிய இரண்டு நிமிடத்தில் எண்ணெயிலும் ஆவியிலும் மணம் பரவிவிடும். அதை உணரும் மூக்குக்கு மிகச் சிறிய அளவே போதும். ஆகவே தூவுவதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். பிரியாணியில் தம் போடும்போது தழையும் புதினாவும் சேர்த்து அடுக்குவதால், அதற்கு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். புதினாவை மட்டும் அடுக்கினாலும் பிரியாணி பிரியாணிதான். பச்சடி, சாட், சுண்டல் ஆகியவற்றில் தழை பச்சையாகவே இருப்பதால் அங்கேதான் நெடி முழு வேகத்தில் தெரியும்.

பிடிக்காது என்று ஒருவர் சொன்னால் அதை நம்புங்கள். அமெரிக்காவில் சமையல் கலையைத் தொலைக்காட்சி வழியே வீடுவீடாகக் கொண்டுசென்ற ஜூலியா சைல்டு, உணவில் இந்தத் தழை கிடந்தால் பொறுக்கித் தரையில் எறிந்துவிடுவேன் என்று 2002இல் ஒரு பேட்டியில் சொன்னார். வாழ்நாள் முழுவதும் சமையலில் ஊறியவருக்கே அப்படி என்றால், விருந்தாளி அடம்பிடிக்கிறார் என்று நினைப்பது நியாயமல்ல.

அதற்குப் பதிலாக எதைப் போடலாம்?

எல்லா இடத்துக்கும் ஒரே மாற்று கிடையாது. ரசத்துக்குக் கறிவேப்பிலையை நெய்யில் பொரித்து நொறுக்கிப் போட்டால் போதும். சட்னிக்குப் புதினா. வட இந்தியக் கறிகளுக்குக் கசூரி மேத்தி எனும் காய்ந்த வெந்தயக்கீரை, உள்ளங்கையில் கசக்கி ஒரு தேக்கரண்டி. பார்க்க அதேபோல் பச்சையாக இருக்க வேண்டும் என்றால் தட்டை இலை பார்ஸ்லி. அது கொத்தமல்லியின் உறவுதான் என்றாலும் இந்த நெடி அதில் இல்லை. கடையில் இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து எடுங்கள்.

கேரளத்தில் ஆப்பிரிக்க மல்லி என்று சொல்லும், நீண்ட ரம்பப் பல் விளிம்புள்ள இலையை மாற்று என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். செடி வேறு, ஆனால் மணத்தின் மூலப்பொருள் அதே டோடெசினல் வகை, இன்னும் கடுமையாக. வெறுப்பவருக்கு அது இரட்டைத் தண்டனை. விரும்புபவருக்கோ, வெயிலில் கொத்தமல்லி வராத காலத்தில் அருமையான கைக்கொடுப்பு.

இது ஒவ்வாமையாக இருக்குமோ?

வாடை பிடிக்காதது வேறு, ஒவ்வாமை வேறு. தழை பட்டதும் உதடு, நாக்கு, தொண்டையில் அரிப்போ வீக்கமோ வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது செலரி, கேரட், சீரகம், சோம்பு ஆகியவற்றுக்கும் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை எல்லாம் ஒரே குடும்பம். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: 100 கிராம் தழையில் சுமார் 310 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. இரத்தம் உறைய உதவுவது அது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மேலே சொன்ன தொக்குப் பயிற்சியைத் திடீரென்று தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, தினமும் ஒரே அளவாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது?

இலை அகலமாக, விசிறிபோல் விரிந்து, பளிச்சென்ற பச்சையாக இருக்க வேண்டும். வேரோடு இருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்து மஞ்சள் இலை, அழுகிய தண்டு, வேர் எல்லாவற்றையும் நீக்குங்கள். கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியிலோ தாளிலோ சுற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் முதல் பத்து நாள் தாங்கும். துணி ஈரமானால் மாற்றுங்கள். கழுவிவிட்டு அடைப்பதுதான் இரண்டே நாளில் கொழகொழத்துப் போவதற்குக் காரணம்.

சமைக்கும் முன் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, தழையை அலசி, மேலாகத் தூக்கி எடுங்கள். தண்ணீரோடு கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி தழையில் ஏறும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள்.

வீட்டில் வளர்த்தால் வாடை குறையுமா?

இளசாக அறுக்கலாம் என்பதால் குறையும். மளிகைத் தனியாவில் வறுக்காத, உடையாத விதையாக எடுத்து, சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதை இருக்கும். இரவு முழுவதும் ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், நாற்று மாற்றாமல் இருக்கும் இடத்திலேயே விதையுங்கள். ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. எட்டு முதல் பதினைந்து நாளில் முளைக்கும். அதற்குள் முளைக்கவில்லை என்று கிளறிவிடாதீர்கள்.

35, 40 நாளில் அறுக்கலாம். வெயில் காலத்தில் செடி சீக்கிரம் பூவுக்கு ஓடும், அத்துடன் நெடியும் ஏறும். நிழல்வலை கட்டி, மதிய வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக ஒரு தொட்டி விதைத்துக்கொண்டே வந்தால் எப்போதும் இளந்தழை கையில் இருக்கும். நடுத்தண்டு நீண்டு நூல் இலை விடத் தொடங்கியதும் அந்தத் தொட்டியைத் தழைக்காகப் பார்க்காதீர்கள். பூக்கவிட்டுக் காய் பழுப்பாகும்வரை விட்டால் தனியா கிடைக்கும்.